கூட்டல் குறியில் ஒரு குற்றம்

"சாயங்காலம் நாலு மணிக்கு எங்க வீட்டை ஊரை விட்டுத் தள்ளி வைக்கப் போறாங்க. இப்ப மணி என்னங்க?"

"ஒன்பதே முக்கால்," என்றார் சிதம்பரநாதன்.

"அப்ப ஆறே கால் மணி நேரம் இருக்கு," என்றாள் ஷஃபீனா. "எங்க பழைய கம்பெனியில இதைவிடக் கம்மி நேரம் கொடுத்துட்டு இதைவிடப் பெரிய வேலையா கேப்பாங்க. உக்காருங்கக்கா."

அஞ்சுகம் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் நுனிகள் வெளுத்து, ஊறிய அப்பளம் போல் சுருங்கியிருந்தன. பதினோரு வருடம் ஐஸில் கை விட்டால் அப்படித்தான் ஆகும். மூன்று நாளாக வேலைக்குப் போகாமலும் அது சரியாகவில்லை.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது நாதன் துப்பறியும் நிலையம். சிதம்பரநாதன் வரிச்சிக்குடியில் நெல் மூட்டை தூக்கிய வீட்டுப் பிள்ளை. அவரும் இருபத்திரண்டு வயது வரை தூக்கினார். அதற்கப்புறம் வக்கீல் குமாஸ்தா, அதற்கப்புறம் இது. ஷஃபீனா சென்னையில் மூன்று வருடம் சாஃப்ட்வேர் எழுதிவிட்டு, மேலாளரை முகத்துக்கு நேராக முட்டாள் என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பியவள். அவளுக்கு வேலை கொடுக்க வேறு யாரும் முன்வரவில்லை. நாதனுக்கு உதவியாளராக வேறு யாரும் வரவில்லை.

"முதல்லேருந்து சொல்லும்மா," என்றார் நாதன்.

அஞ்சுகம் சொன்னாள். திருவேட்டக்குடிக்கு வடக்கே ஒரு சின்னக் குப்பம் அவளுடைய ஊர். ஊருக்குப் பக்கத்திலேயே காஜா மைதீனின் மீன் கம்பெனி. அங்கே கோல்டு ரூமில் பெட்டி அடுக்குவது அவள் வேலை. குப்பத்துப் படகுகள் பத்து நாளாகப் பிடித்த கணவாய் முழுக்க அந்த ரூமில்தான் கிடந்தது. வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் அத்தனையும் அழுகல். வியாழக்கிழமை ராத்திரி யாரோ கதவைத் திறந்து போட்டதில் கம்ப்ரசர் திணறி நின்றுபோயிருக்கிறது.

"யாரோன்னா?"

"நான்தான்னு சொல்றாங்க. மிஷின் சொல்லுதாம்."

போனை நீட்டினாள். கணினித் திரையைப் படம் எடுத்து யாரோ ஊர் குழுவில் போட்டிருந்தார்கள். ஒரே ஒரு வரி. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கார்டு எண் 17, வியாழன், இரவு 11.12, கதவு 52 நிமிடம் திறந்திருந்தது.

"பதினேழு உன் கார்டா?"

"ஆமாங்க. அதைக் காட்டினாத்தான் கதவுப் பூட்டு திறக்கும். கழுத்துலேயேதான் கெடக்கும். ஆனா அன்னிக்கு ராத்திரி நான் போகலீங்க. வீட்டுல படுத்துக் கெடந்தேன். வெள்ளிக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு மேலதான் திறந்தேன். திறந்ததும் நாத்தம் குடலைப் புடுங்குச்சு. கதவை அப்படியே போட்டுட்டு எல்லாரும் சேந்து பெட்டிய வெளில இழுத்தோம்."

"வீட்டுல படுத்திருந்ததுக்கு சாட்சி?"

"என் வீட்டுக்காரரைக் கேட்டாங்க. அசந்து தூங்கிட்டேன், இவ எந்திரிச்சுப் போனாளான்னு தெரியாதுன்னுட்டாரு."

"நல்ல மனுஷன்," என்றாள் ஷஃபீனா. "பொய் சொல்லத் தெரியாதவரு போல."

தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று நாதன் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். படகைத் தள்ள யாரும் தோள் கொடுக்க மாட்டார்கள். மீனை ஏலத்தில் எடுக்க மாட்டார்கள். கடையில் தீப்பெட்டி கிடைக்காது. பிள்ளைகளோடு பிள்ளைகள் பேசாது.

"நீ ஊருக்குப் போ. மூணு மணிக்கு மேல கம்பெனிக்கு எதிர்ல பஸ் நிக்கிற இடத்துல இரு," என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

*

மீன் கம்பெனியின் மேலாளர் ரஞ்சித்குமார் முப்பது வயதுக்காரர். சட்டைப் பையில் இரண்டு பேனா. இரண்டிலும் மூடி இல்லை.

"சார், நான் யார் மேலயும் பழி போடல. சிஸ்டம் சொன்னதை அப்படியே எடுத்துப் போட்டேன்," என்றார்.

"வெள்ளிக்கிழமை காலையில அஞ்சுகம் கதவைத் திறந்தப்ப நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன். பத்துப் பதினைஞ்சு பேரு இருந்தோம்."

"அந்த நேரத்தை உங்க சிஸ்டம் எழுதியிருக்கா?"

ரஞ்சித்குமார் திரையைத் திருப்பினார். அரை மணி நேரத்துக்கு மேல் கதவு திறந்து கிடந்தால் சிவப்பில் எழுதிக் காட்டும் பக்கம் அது. போன வாரம் முழுக்க இரண்டே வரிகள். ஒன்று, அஞ்சுகத்தின் வியாழன் இரவு 11.12. அதற்கு மேலே இன்னொன்று: கார்டு எண் 3, வியாழன், காலை 10.40, மூன்று மணி நேரம்.

வெள்ளிக்கிழமை காலைக்கு எதுவும் இல்லை.

"மிஷின் சில நேரம் விட்டுடும் சார்."

"அப்ப வெள்ளிக்கிழமை மிஷின் தப்புப் பண்ணும். வியாழக்கிழமை பண்ணாது."

ரஞ்சித்குமார் பேனாவைத் தடவினார்.

"பதினைஞ்சு பேரு கண்ணால பாத்தது மிஷின்ல இல்ல," என்றாள் ஷஃபீனா. "ஒருத்தரும் பாக்காதது இருக்கு. நீங்க அந்த ஒருத்தரும் பாக்காததை வட்டம் போட்டு ஊருக்கு அனுப்பிட்டீங்க. படம் எடுத்தப்ப மேல் வரியை ஏன் வெட்டினீங்க?"

"அது படகுக்காரங்க கார்டு மேடம். ஊர்ல முறை வச்சு ஆளுக்கு ஒரு மாசம் வச்சிருப்பாங்க. பகல்ல வந்து பெட்டி இறக்கியிருப்பாங்க. பகல்ல நாங்க எல்லாம் இருந்தோம்ல?"

"மூணு மணி நேரம் கதவு திறந்து கெடந்ததை யாராவது பாத்தீங்களா?"

"ஞாபகம் இல்ல."

"ராத்திரி காவலுக்கு யாரு?"

"கார்டு பூட்டு வந்ததும் காவக்காரரை நிறுத்திட்டோம் சார். சைரன் இருக்கே."

"சைரன் ஏன் அடிக்கல?"

"லோடு ஏத்துறப்பல்லாம் கத்துதுன்னு ஒயரைப் பிடுங்கிட்டோம்."

நாதன் மூக்கு வழியாக மூச்சு விட்டார். ஒரு மனிதனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரு பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். பெட்டியின் வாயையும் கட்டியிருக்கிறார்கள். கடைசியில் கூலிக்காரியின் கழுத்தில் தொங்குகிற அட்டையில் வந்து நிற்கிறது.

"இந்தச் சிவப்பு வரி மட்டும் வேண்டாம். எல்லாக் கார்டும், எல்லாத் திறப்பும், ஒரு மாசத்துக்கு வேணும்."

"அதுக்குச் சென்னையில கேக்கணும் சார்."

கேட்டார்கள். பூட்டு மாட்டிய கம்பெனியின் எண்ணில் முதலில் நாதஸ்வரம் வாசித்தார்கள். பிறகு ஒன்றை அழுத்தச் சொன்னார்கள். ஒன்றை அழுத்தினால் மறுபடி நாதஸ்வரம். நாற்பது நிமிடம் கழித்து ஒரு பெண் வந்து, புகாரைப் பதிவு செய்கிறேன், மூன்று வேலை நாளில் கூப்பிடுவார்கள் என்றாள்.

"அம்மா, இங்க ஒரு குடும்பத்தை நாலு மணிக்குத் தள்ளி வைக்கிறாங்க," என்றார் நாதன்.

"அவசரம்னு குறிச்சுக்கிறேன் சார். அவசரம்னா ரெண்டு வேலை நாள்."

நாதன் போனை மேசையில் வைத்த விதத்தில் மேசை அதிர்ந்தது. மணி பன்னிரண்டே முக்கால். அந்த நாற்பது நிமிடமும் ஷஃபீனா ரஞ்சித்குமாரின் நாற்காலியில் உட்கார்ந்து திரையைக் கீழே கீழே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"சார், கோபப்பட மாட்டேன்னு சொல்லுங்க."

"ஏற்கெனவே பட்டுட்டேன். சொல்லு."

"இந்தப் பக்கத்தோட அடியில ஒரு பட்டன் இருக்கு. 'முழுப் பதிவு'ன்னு எழுதியிருக்கு. பூட்டு மாட்டின எட்டு மாசத்துல ஒருத்தரும் கீழ வரைக்கும் வந்து பாக்கல."

ரஞ்சித்குமார் எட்டிப் பார்த்தார். "அட," என்றார்.

*

முழுப் பதிவைப் பார்த்ததும் ஷஃபீனா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"சார், இது வேற கதை! பகல்ல அந்த மூணாம் நம்பரைத் தவிர ஒருத்தரும் கதவைத் தொடல. ராத்திரி பதினொண்ணுலேருந்து காலையில ஏழு வரைக்கும் ஓயாம திறந்து திறந்து மூடியிருக்கு. ஒரு மாசமா! பதினேழு, இருபத்தொண்ணு, ஒம்பது, எல்லாக் கார்டும். ராத்திரி முழுக்க இங்க என்னமோ நடக்குது. கடத்தலா இருக்கும். கணவாய் வயித்துக்குள்ள வச்சு..."

"என்ன, தங்கமா?"

"சும்மா இருங்க சார். இப்படி ஒரு கேஸ் நமக்கு எப்ப கிடைக்கும்?"

"மேடம், ராத்திரி இங்க நாய் மட்டும்தான் இருக்கும்," என்றார் ரஞ்சித்குமார் பயந்துபோய்.

அப்போது மணி அடித்தது. தண்டவாளத் துண்டில் இரும்பால் தட்டும் மணி. ஒரு மணி சாப்பாடு. இறால் உரிக்கும் பெண்கள் கையுறையைக் கழற்றி உதறிக்கொண்டு, சோற்றுத் தூக்கோடு சுவர் நிழலுக்கு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி காலை நீட்டி முழங்காலை அமுக்கிக்கொண்டாள். கோல்டு ரூம் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

நாதன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரையிடம் வந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பட்டியல் மேல் விரலை வைத்து இறக்கினார்.

"ஷஃபீனா, ராத்திரி மூணு மணிக்கு யாராவது கதவைத் திறந்திருக்காங்களா பாரு."

"இல்ல."

"மூணே காலுக்கு?"

"இல்ல. மூணுலேருந்து நாலு வரைக்கும் ஒண்ணுமே இல்ல. நேத்து ஞாயிறு, லீவு. அதுக்கு முந்தின நாளும் மூணுலேருந்து நாலு வரைக்கும் இல்ல. அதுக்கு முந்தி... தினமும் இல்ல."

"கடத்தல்காரன் தினமும் டாண்ணு ஒரு மணி நேரம் சோத்துக்குப் போவானா? இது திருட்டு இல்லம்மா. கூலி வேலை. முதல்ல ரெண்டு மணி நேரம் மும்முரமா திறப்பு, நடுவுல டீக்குக் கால் மணி நேரம், அப்புறம் சோறு, சோறு தின்னப்புறம் கொஞ்சம் மெதுவா. மூட்டை தூக்கினவனுக்கு இந்த மூச்சு தெரியும். பகலைத் தூக்கி ராத்திரியில வச்சிருக்கான் எவனோ."

ஷஃபீனா பட்டியலை மறுபடி மேலிருந்து பார்த்தாள்.

"எவ்வளவு தள்ளி வச்சிருக்கான்னுதான் கேள்வி," என்றார் நாதன். "இங்க ஒரு மணி சோறு. அங்க மூணு மணி. பத்து மணி நேரமா?"

"இருக்கலாம். ஆனா சார், ஒரு நாள் மட்டும் இடிக்குது. வெள்ளிக்கிழமை மட்டும் மூணு மணியிலேருந்து இல்ல, ரெண்டரையிலேருந்து நாலு வரைக்கும் காலி. ஒவ்வொரு வெள்ளியும். ஒன்றரை மணி நேர ஓட்டை. வேற எந்தக் கிழமையும் இப்படி..."

அவளே நிறுத்திக்கொண்டாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

பின்னாலிருந்து கம்பெனி முதலாளி காஜா மைதீன் உள்ளே வந்தார். வெள்ளைத் தொப்பி, நாலு நாள் தூங்காத கண். "என்ன தேடுறீங்க?"

"மாமா, வெள்ளிக்கிழமை இங்க சாப்பாட்டு நேரம் என்ன?"

"பன்னெண்டரைக்கு விட்டுருவோமேம்மா. ஜும்ஆ தொழுதுட்டு வர ரெண்டாகும். நாம போறப்ப மத்தவங்க மட்டும் எதுக்கு வேலை பாக்கணும்னு எல்லாருக்கும் சேத்துத்தான் விடுறது. வாப்பா காலத்துலேருந்து வழக்கம்."

"பன்னெண்டரையிலேருந்து ரெண்டு," என்றார் நாதன். "மிஷின்ல ரெண்டரையிலேருந்து நாலு. பத்து மணி நேரம். ஒரு நிமிஷம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"அல்லாஹ்! ராத்திரி ரெண்டரைக்கு ஜும்ஆ தொழ வச்சிருக்கு மாமா உங்க மிஷின்!"

காஜா மைதீன் புரியாமல் ரஞ்சித்குமாரைப் பார்த்தார். ரஞ்சித்குமார் திரையின் மூலையைக் காட்டினார். "அதெப்படி சார்? கடிகாரம் சரியாத்தானே ஓடுது?"

ஓடியது. ஒன்று பதினேழு. கணினியின் கடிகாரம் அது. அது சரியாக இருந்ததால் உள்ளே இருப்பதும் சரி என்று எட்டு மாதமாக எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

"உங்க கார்டைக் கொண்டு போய் கதவைத் திறங்க," என்றார் நாதன்.

ரஞ்சித்குமார் ஓடினார். பீப் சத்தம் கேட்டது. கதவு கனமாகத் திறந்து மூடியது. ஷஃபீனா பட்டியலைப் புதுப்பித்தாள். மேலே புதிய வரி வந்து உட்கார்ந்தது. கார்டு எண் 2, திங்கள், காலை 3.18.

காஜா மைதீன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

*

ஏன் அப்படி என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் ஷஃபீனா கெட்ட வார்த்தை பேசாமல் இருந்ததற்குக் காரணம் காஜா மைதீன் எதிரில் உட்கார்ந்திருந்தது மட்டும்தான்.

பூட்டை மாட்டிய பொறியாளரின் சொந்த எண் பழைய ரசீதின் பின்புறம் கிடைத்தது. பையன் ஏதோ ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, நேர மண்டலத்துல என்ன போட்ட?"

"இந்தியா பிளஸ் அஞ்சரை தானே மேடம். ஊர் பட்டியல் நீளமா இருந்துச்சு. அதான் ஜி.எம்.டி பிளஸ் அஞ்சுன்னு ஒண்ணு இருந்ததைப் போட்டேன். அதுல அரை மணி கணக்கு கிடையாது. அதனால முப்பது நிமிஷத்தைத் தனியா கூட்டிவிட்டேன்."

"பிளஸ் அஞ்சுன்னு எழுதியிருந்தா பிளஸ் அஞ்சாயிடுமா?"

"ஆகாதா மேடம்?"

ஷஃபீனா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு கணம் அதையே முறைத்தாள். பிறகு நாதனுக்காக ஒரு தாளில் கோடு போட்டாள்.

"நடுவுல லண்டன். நாம கிழக்க. அவங்களைவிட அஞ்சரை மணி முன்னாடி இருக்கோம். ஊர் பேரைச் சொல்லிக் கேட்டா சாஃப்ட்வேர் ஒழுங்கா சொல்லும். ஊர் பேரே இல்லாம பொதுவா சில பேரு வச்சிருக்காங்க, ஜி.எம்.டி பிளஸ் ஒண்ணு, பிளஸ் ரெண்டுன்னு. அந்தப் பேருல மட்டும் குறி தலைகீழ். பிளஸ்னா லண்டனுக்கு மேற்க. அதாவது பின்னாடி. எந்தக் காலத்துலேயோ எவனோ வச்ச வழக்கம். மாத்தினா பழசெல்லாம் உடைஞ்சிடும்னு அப்படியே விட்டுட்டாங்க."

"கூட்டல்னு எழுதியிருக்கும். கழிக்கும்."

"அதேதான். அஞ்சு மணி நேரம் முன்னாடி போக வேண்டியது அஞ்சு மணி நேரம் பின்னாடி போயிடுச்சு. ரெண்டுக்கும் நடுவுல பத்து. அரை மணியைத் தனியா கூட்டினதால அது மட்டும் சரியா இருக்கு. அதான் சுத்தமா பத்து."

"அமெரிக்கா பக்கம் எங்கேயோ கொண்டு போய் வச்சுட்டான் நம்ம கோல்டு ரூமை," என்றார் காஜா மைதீன்.

"விசா இல்லாம, மாமா."

நாதன் சிரிக்கவில்லை. "இந்தப் பயலுக்கு ஒரு தடவை கதவைத் திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரே ஒரு தடவை."

"சோதிச்சுப் பாக்குறதுக்கெல்லாம் அவனுக்கு நேரம் கொடுத்திருக்க மாட்டாங்க சார். ஒரு நாளைக்கு நாலு ஊரு. எனக்குத் தெரியும்."

அவள் தாளைத் திருப்பி, பெரிய எழுத்தில், தமிழில் எழுதினாள். அஞ்சுகம் திறந்தது: மிஷினில் வியாழன் இரவு 11.12, உண்மையில் வெள்ளி காலை 9.12. ஐம்பத்திரண்டு நிமிடம் திறந்திருந்தது அழுகிய பெட்டிகளை இழுத்துப் போட. இதற்குப் பதினைந்து பேர் சாட்சி. அடுத்த வரி. மூன்றாம் எண் கார்டு: மிஷினில் வியாழன் காலை 10.40. உண்மையில் வியாழன் இரவு 8.40. மூடியது இரவு 11.40.

"பகல்ல பெட்டி இறக்கினாங்கன்னு சொன்னீங்களே, அது இதான்," என்று ரஞ்சித்குமாரிடம் தாளை நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்க. ஏதாவது ஒரு பேனாவுல."

அவர் போட்டார். காஜா மைதீனும் போட்டார்.

*

மூன்று இருபதுக்கு அஞ்சுகம் பஸ் நிற்கும் இடத்தில் வெயிலிலேயே நின்றிருந்தாள். நாதன் வண்டியை நிறுத்துவதற்குள் ஷஃபீனா பின்னாலிருந்து குதித்துவிட்டாள்.

"அக்கா, நீங்க இல்ல! மிஷினுக்கு ராத்திரி பகல் தெரியல. உங்க பதினொண்ணு பன்னெண்டு நிஜத்துல காலையில ஒம்பது பன்னெண்டு. முதலாளி கையெழுத்து வாங்கிட்டோம்."

அஞ்சுகம் வாயைப் புடவையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நாதன் வேறு பக்கம் பார்த்தார். அவருக்கு இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாது. வேலை முடிந்தது என்று நினைத்தார்.

"அப்ப யாருங்க திறந்தது?" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"உங்க ஊர்ப் படகுக்காரங்க கார்டு. மூணாம் நம்பர். வியாழக்கிழமை ராத்திரி எட்டு நாப்பதுக்கு எவனோ பெட்டி வைக்க வந்திருக்கான். கதவைச் சரியா அடைக்காம போயிட்டான். பதினொண்ணு நாப்பதுக்குத் திரும்ப வந்து அடைச்சிருக்கான். அதுக்குள்ள கம்ப்ரசர் போச்சு. தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கான் பாவி. இந்த மாசம் அந்தக் கார்டு யார் முறைன்னு ஊர்ல கேட்டா..."

"எத்தினி மணின்னீங்க?"

"எட்டு நாப்பது."

"திரும்ப வந்தது?"

"பதினொண்ணு நாப்பது."

அஞ்சுகம் கீழே உட்கார்ந்தாள். சாலை ஓரத்து மண்ணில், வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில்.

"அந்தக் கார்டு எங்க வீட்டுல சாமி படத்து ஆணியில தொங்குதுங்க," என்றாள். "ஆவணி எங்க முறை."

ஒரு பஸ் வந்து நின்று, யாரும் ஏறாததால் திட்டிவிட்டுப் போனது.

"சாப்பிட்டுட்டு மிச்சக் கணவாயைப் போட்டுட்டு வரேன்னு போனாரு. வந்து படுத்தாரு. நடுவுல எந்திரிச்சு, வயிறு சரியில்லன்னு வெளில போனாரு. நான் தூக்கத்துல 'போயிட்டு வாங்க'ன்னேன்." அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கதவு நாள்பட்டது. இழுத்து, தோளால ஒரு தடவை முட்டினாத்தான் பிடிக்கும். எங்களுக்குத் தெரியும். அவருக்கு எங்க தெரியும்?"

தூங்கிவிட்டேன் என்று அவள் புருஷன் செல்லக்கண்ணு ஏன் சொன்னான் என்பது நாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. விழித்திருந்தேன் என்று சொன்னால் மனைவி தப்பிப்பாள். விழித்திருந்து என்ன செய்தாய் என்ற அடுத்த கேள்வி அவனிடம் வரும்.

பொய் சொல்லத் தெரியாதவர் என்று காலையில் சொன்ன ஷஃபீனா தரையைப் பார்த்தாள்.

நாதன் தாளை மடித்தார். பிரித்தார். "இதைக் கொடுக்கிறதும் கொடுக்காததும் உன் இஷ்டம். கொடுத்தா என்ன ஆகும்?"

"தள்ளி வைப்பாங்க. பொண்டாட்டி செஞ்சாலும் புருஷன் செஞ்சாலும் வீட்டைத்தான தள்ளி வைக்கிறது. அதே வீடு, அதே படகு, அதே பிள்ளைங்க."

"அப்ப நாங்க காலையிலேருந்து பட்ட பாடு எதுக்கு?" நாதனின் குரல் தானாக உயர்ந்துவிட்டது. அவள் மேல் இல்லை அந்தக் கோபம். யார் மேல் என்று பிடித்து நிறுத்த ஆள் இல்லாத கோபம்.

"நாலு நாளா அவரு என் கையால சோறு வாங்கித் தின்னாருங்க," என்றாள் அஞ்சுகம். "தின்னுட்டு, 'ஏன்டி அங்க போனே'ன்னு என்னையே கேட்டாரு. நேத்து ராத்திரி, நான் போயிருப்பேனோன்னு எனக்கே தோணிடுச்சு. தூக்கத்துல நடந்து போயிருப்பேனோன்னு."

எழுந்து மண்ணைத் தட்டினாள். கையை நீட்டினாள்.

"குடுங்க."

*

மாரியம்மன் கோயில் கொட்டகையில் ஆண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் நடுவில் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். நாதனை முன்னால் விடவில்லை. வெளி ஆள் வாய் திறக்கக் கூடாது என்றார்கள். பெண்களும் திறக்கக் கூடாது. வீட்டு ஆண்தான் பேச வேண்டும். அவர் தயார் செய்து வைத்திருந்த பேச்சு வீணாயிற்று.

செல்லக்கண்ணு நடுவில் கைகட்டி நின்றான். கடலில் கறுத்த, ஒல்லியான மனிதன். யாரையும் பார்க்கவில்லை.

"செல்லக்கண்ணு, உன் வீட்டுக்காரி தரப்புல சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?" என்றார் ஊர்த் தலைவர்.

"இல்லீங்க."

அஞ்சுகம் கயிற்றைத் தூக்கி உள்ளே வந்தாள். கொட்டகை சலசலத்தது. யாரோ ஏய் என்றார்கள். அவள் பேசவில்லை. நேராகப் போய் தாளைப் புருஷன் கையில் வைத்தாள். திரும்பி வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"என்னடா அது?"

"கம்பெனித் தாளுங்க. முதலாளி கையெழுத்துப் போட்டிருக்கு."

"எட்டாவது வரைக்கும் படிச்சவன்தானே நீ? சத்தமா படி. எல்லாரும் கேக்கட்டும்."

அவன் படித்தான். பூட்டு மிஷினின் நேரம் பத்து மணி நேரம் பிந்தியிருப்பதைப் படித்தான். பதினேழாம் எண் கார்டு வெள்ளிக்கிழமை காலையில் திறந்ததைப் படித்தான். பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. யாரோ அஞ்சுகத்தின் தோளைத் தொட்டார்கள். தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். செல்லக்கண்ணுவின் குரலில்கூட ஒரு கணம் தெம்பு வந்தது. அப்புறம் கண் அடுத்த வரிக்குப் போனது.

நின்றுவிட்டான்.

"அவ்வளவுதானா?" என்றார் தலைவர்.

அவன் கொட்டகையைத் தாண்டி, கயிற்றைத் தாண்டி, முதல் தடவையாக மனைவியைப் பார்த்தான். இதோடு நிறுத்திக்கொள்ளவா என்று அந்தப் பார்வை கேட்டது ஷஃபீனாவுக்குப் புரிந்தது. அவள் நாதனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல படிங்க," என்றாள் அஞ்சுகம்.

பெண் வாய் திறந்ததற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

"மூணாம் நம்பர் கார்டு," என்று படித்தான் செல்லக்கண்ணு.